வெறுப்புக் குற்றவாளியும் துப்பாக்கியும்: அமெரிக்காவில் புதிதாகக் குடியேறியவர்களுக்கு ஒரு சட்ட வழிகாட்டி

அமெரிக்காவில் ஒருவர் தம் அண்டை வீட்டுக்காரரை அவருடைய தோல் நிறத்துக்காகவோ மதத்துக்காகவோ பிறந்த நாட்டுக்காகவோ மிரட்டுகிறார். குற்றம் நீதிமன்றத்தில் நிரூபணமாகிறது. தண்டனையை அனுபவித்துவிட்டு வெளியே வருகிறார். அதன் பிறகு அவர் கடைக்குப் போய்த் துப்பாக்கி வாங்க முடியுமா? பல மாநிலங்களில் முடியும். சட்டமே அதற்கு இடம் கொடுக்கிறது. புதிதாக வந்த நம்மவர்களிடம் இதைச் சொன்னால் முதலில் நம்ப மறுக்கிறார்கள். நம்பிய பிறகு, செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சோர்ந்துவிடுகிறார்கள். இந்தச் சோர்வு தேவையற்றது. குற்றவாளியின் கையிலிருந்து துப்பாக்கியை எடுக்கும் சட்டங்கள் இருக்கின்றன. அவை எந்தக் கட்டத்தில் வேலை செய்கின்றன, எந்தக் கட்டத்தில் நழுவுகின்றன என்று தெரிந்திருந்தால், பாதிக்கப்பட்டவரால் நிறையவே செய்ய முடியும்.

2012 ஆகஸ்ட் 5 அன்று விஸ்கான்சின் மாநிலம் ஓக் கிரீக் குருத்துவாராவில் ஆறு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். படுகாயமடைந்த ஏழாமவர் பல ஆண்டுகள் அவதிப்பட்டு 2020-இல் இறந்தார். 2017 பிப்ரவரியில் கன்சாஸ் மாநிலம் ஒலேதாவில், ஒரு மது விடுதியில் அமர்ந்திருந்த ஹைதராபாத்துக்காரப் பொறியாளர் கொல்லப்பட்டார். சுட்டவன் முதலில் வசைபாடி, வெளியேற்றப்பட்டு, துப்பாக்கியோடு திரும்பி வந்தவன். இவற்றையெல்லாம் கேள்விப்பட்டுத்தான் நம் மக்கள் பயப்படுகிறார்கள். ஆனால் இந்தக் கட்டுரை பேசும் சட்டங்கள் பெரும்பாலும் அதற்கு முந்தைய கட்டத்துக்கானவை. கதவில் எழுதப்படும் வசவு, கார் கண்ணாடி உடைப்பு, பார்க்கிங் இடத்தில் நடக்கும் மிரட்டல் போன்ற குற்றங்களிலேயே ஒருவரின் துப்பாக்கி உரிமையைப் பறிக்க வழி உண்டா என்பதே கேள்வி.

முதல் படி: ஃபெலனியா, மிஸ்டிமீனரா என்று பாருங்கள்

அமெரிக்காவில் குற்றங்களை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஃபெலனி என்பது பெருங்குற்றம். பொதுவாக ஓராண்டுக்கு மேல் சிறைத்தண்டனை விதிக்கக்கூடியது. மிஸ்டிமீனர் என்பது அதற்குக் கீழான குற்றம். துப்பாக்கித் தடைச் சட்டம் பெரும்பாலும் இந்தக் கோட்டின் மேல்தான் நிற்கிறது.

மத்திய அரசின் அடிப்படைச் சட்டம் 1968-இல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம். யாரெல்லாம் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்ற பட்டியல் அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 18-ஆம் தலைப்பில், 922-ஆம் பிரிவின் 'ஜி' உட்பிரிவில் இருக்கிறது. ஓராண்டுக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர், நீதிக்குத் தப்பி ஓடுபவர், தடை செய்யப்பட்ட போதைப்பொருள் பயன்படுத்துபவர், சட்டவிரோதமாக நாட்டில் இருப்பவர் எனப் பட்டியல் நீள்கிறது. மீறினால் முன்பு பத்தாண்டு வரை சிறை. 2022-இல் வந்த சட்டம் அதைப் பதினைந்து ஆண்டாக உயர்த்தியது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. குற்றவாளி எத்தனை மாதம் சிறையில் இருந்தார் என்பதை இந்தப் பிரிவு பார்ப்பதில்லை. அந்தக் குற்றத்துக்குச் சட்டம் அதிகபட்சமாக எவ்வளவு விதிக்க இடம் தருகிறது என்பதையே பார்க்கிறது. ஆகவே ஃபெலனியில் தண்டிக்கப்பட்டு ஒரு நாள்கூடச் சிறைக்குப் போகாமல் நன்னடத்தைக் கண்காணிப்பில் விடப்பட்டவருக்கும் தடை உண்டு. மறுபுறம், மாநிலச் சட்டம் மிஸ்டிமீனர் என்று வகைப்படுத்தி, அதிகபட்சத் தண்டனையை இரண்டாண்டுக்குள் நிறுத்தியிருந்தால், பல மாதம் சிறையில் கழித்தவருக்குக்கூட இந்தத் தடை பொருந்தாது. வெறுப்பு நோக்கம் எவ்வளவு கொடியது என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை.

இரண்டாவது படி: மத்தியச் சட்டத்தில் உள்ள ஓட்டையைப் புரிந்துகொள்ளுங்கள்

1998-இல் வெறுப்பால் கொல்லப்பட்ட மேத்யூ ஷெப்பர்ட், ஜேம்ஸ் பைர்டு ஆகியோரின் பெயரால் 2009-இல் மத்திய அரசு வெறுப்புக் குற்றத் தடுப்புச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. இனம், நிறம், மதம், பிறந்த நாடு, பாலினம், பாலின அடையாளம், பாலின நாட்டம், மாற்றுத்திறன் ஆகியவற்றின் காரணமாக ஒருவருக்கு உடல் காயம் ஏற்படுத்தினால் பத்தாண்டு வரையும், உயிர் போனால் ஆயுள் வரையும் தண்டனை. இது ஃபெலனி என்பதால் இதில் தண்டிக்கப்பட்டவருக்குத் துப்பாக்கித் தடை தானாகவே வந்துவிடும்.

ஆனால் மத்திய நீதிமன்றத்துக்குப் போகும் வழக்குகள் மிகக் குறைவு. அன்றாட மிரட்டல்களும் சேதங்களும் மாநில நீதிமன்றத்தில்தான் முடிகின்றன. அவற்றில் கணிசமானவை மிஸ்டிமீனராகவே முடிகின்றன. அப்படி முடிந்தால் மத்தியத் தடைப் பட்டியலில் அந்த மனிதருக்கு இடமில்லை.

நாடாளுமன்றத்தால் இந்த ஓட்டையை அடைக்க முடியாது என்பதில்லை. குடும்ப வன்முறை விஷயத்தில் 1996-இலேயே அடைத்திருக்கிறார்கள். லாட்டன்பெர்க் திருத்தம் என்று அழைக்கப்படும் அந்தச் சட்டத்தின்படி, மனைவியையோ துணையையோ தாக்கி மிஸ்டிமீனரில் தண்டிக்கப்பட்டவர்கூடத் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. அதே முறையை வெறுப்புக் குற்றங்களுக்கும் நீட்டிக்கும் 'டிஸ்ஆர்ம் ஹேட்' மசோதாவை 2016-இல் செனட்டில் பாப் கேசியும் பிரதிநிதிகள் அவையில் டேவிட் சிசிலினியும் அறிமுகம் செய்தார்கள். பிறகு பலமுறை மீண்டும் கொண்டுவரப்பட்டும் அது சட்டமாகவில்லை. 2021-இல் கோவிட் காலத்து ஆசிய எதிர்ப்புத் தாக்குதல்களை முன்னிட்டு வந்த சட்டம் புகார் பதிவையும் புள்ளிவிவரச் சேகரிப்பையும் மேம்படுத்த முயன்றது; துப்பாக்கியைத் தொடவில்லை. மனைவியை அடித்தவரிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்று ஏற்ற சபை, அண்டை வீட்டுக்காரரை அவருடைய மதத்துக்காக மிரட்டியவரிடம் இருக்கக் கூடாது என்று ஏற்க இத்தனை ஆண்டுகள் தயங்குவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மூன்றாவது படி: உங்கள் மாநிலச் சட்டத்தில் இரண்டு இடங்களைத் தேடுங்கள்

மத்தியச் சட்டம் கைவிடும் இடத்தில் மாநிலச் சட்டம் பிடித்துக்கொள்ளலாம். உங்கள் மாநிலத்தின் குற்றச் சட்டத் தொகுப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். முதலில் வெறுப்புக் குற்றம் பற்றிய அத்தியாயத்துக்குப் போங்கள். அது தனிக் குற்றமாக இருக்கிறதா, அல்லது வேறொரு குற்றத்தின் தண்டனையைக் கூட்டும் காரணமாக மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிரிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து ஆயுதங்கள் பற்றிய அத்தியாயத்தில் 'வைத்திருக்கத் தகுதியற்றவர்கள்' பட்டியலைத் தேடி, குறித்துவைத்த எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தடை உண்டு. எத்தனை ஆண்டு என்பதும் பெரும்பாலும் அங்கேயே எழுதியிருக்கும்.

தமிழர்கள் பெருமளவில் வாழும் கலிபோர்னியாவை விரிவாகப் பார்ப்போம். அங்கு தண்டனைச் சட்டத்தின் 422.6-ஆம் பிரிவு, ஒருவரின் மாற்றுத்திறன், பாலினம், நாட்டுரிமை, இனம், மதம், பாலின நாட்டம் ஆகியவற்றின் காரணமாக அவருடைய உரிமைகளில் வன்முறையாலோ மிரட்டலாலோ தலையிடுவதையும், அவருடைய சொத்துக்குச் சேதம் விளைவிப்பதையும் குற்றமாக்குகிறது. இது மிஸ்டிமீனர்: ஓராண்டு வரை சிறை, 5,000 டாலர் வரை அபராதம், அதோடு சமூகப் பணி. 2017-இல் நிறைவேறி 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த 785-ஆம் எண் சட்டம், இந்த 422.6-ஐத் துப்பாக்கித் தடைப் பட்டியலான 29805-ஆம் பிரிவில் சேர்த்தது. தண்டிக்கப்பட்ட நாளிலிருந்து பத்தாண்டுக்கு அவர் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது. மீறினால் அதுவே புதுக் குற்றம். வெறுப்புக் குற்றம் ஃபெலனியாக நிரூபணமானால் தடை வாழ்நாள் முழுவதும்.

அடிதடி தொடர்பான மிஸ்டிமீனர் பலவும் கலிபோர்னியாவில் ஏற்கனவே அந்தப் பத்தாண்டுப் பட்டியலில் இருந்தன. ஆகவே கை நீட்டி அடித்தவருக்கு, வெறுப்பு நோக்கம் நிரூபணமாகாவிட்டாலும் தடை கிடைக்கும். 2018-க்குப் பிறகு புதிதாகச் சிக்குபவர்கள், அடிக்காமல் மிரட்டியவர்களும் சொத்தைச் சேதப்படுத்தியவர்களும். உங்கள் வீட்டுச் சுவரில் ஒருவர் வசவு எழுதினார் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணச் சொத்துச் சேதப் பிரிவான 594-இன் கீழ் மிஸ்டிமீனராக முடிந்தால் அந்தத் தடை இல்லை. அதே செயல் 422.6-இன் கீழ் நிரூபணமானால் பத்தாண்டுத் தடை. கோயில், மசூதி, தேவாலயம் போன்ற வழிபாட்டுத் தலம் என்றால் 594.3 என்ற தனிப் பிரிவே இருக்கிறது. வெறுப்பு நோக்கமும், மத நம்பிக்கையைப் பின்பற்றவிடாமல் மிரட்டும் நோக்கமும் நிரூபணமானால் அது ஃபெலனி. ஒரே சுவர், ஒரே சாயம். எந்தப் பிரிவு எண் என்பதைப் பொறுத்துத் துப்பாக்கி தங்கும் அல்லது போகும்.

மினசோட்டாவில் வெறுப்பு நோக்கிலான தாக்குதல், மிஸ்டிமீனரில் மேல்நிலையான 'கிராஸ் மிஸ்டிமீனர்' அளவில் நிரூபணமானால் மூன்றாண்டுத் தடை. இடையில் அதே பட்டியலில் உள்ள வேறு குற்றம் செய்யாதிருந்தால்தான் அது நீங்கும். நியூஜெர்சியில் இத்தகைய மிரட்டலே ஃபெலனிக்கு இணையான தரத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. தகுதியற்றவர் பட்டியலிலும் அது பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. இன்னொரு முனையில், 2015-இல் சார்ல்ஸ்டன் தேவாலயப் படுகொலை நடந்தபோது சவுத் கரோலினாவில் வெறுப்புக் குற்றச் சட்டம் என்று ஒன்றே இல்லை. வெறுப்பை வழக்கில் கொண்டுவர மத்திய அரசே வர வேண்டியிருந்தது.

இதையும் மறக்காதீர்கள்: கலிபோர்னியாவின் பத்தாண்டுத் தடை அந்த மாநிலத்தின் சட்டம். அதே மனிதர் இத்தகைய தடை இல்லாத மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் மத்தியச் சட்டம் அவரை மறிப்பதில்லை.

நான்காவது படி: புகாரில் நோக்கத்தைப் பதிய வையுங்கள்

எல்லாத் தடைக்கும் அடித்தளம் புகார். அமெரிக்க நீதித் துறையின் ஆய்வுகள் ஆண்டுக்குச் சராசரியாக இரண்டரை லட்சம் வெறுப்புக் குற்றப் பாதிப்புகள் நேர்வதாக மதிப்பிட்டிருக்கின்றன, எஃப்.பி.ஐ. 2023-க்கு வெளியிட்ட கணக்கில் உள்ள சம்பவங்கள் 11,862. நடுவில் உள்ள இடைவெளியில் பெரும்பகுதி, போலீஸுக்குப் போகாமல் வீட்டுக்குள்ளேயே விழுங்கப்பட்ட சம்பவங்கள். 'விசாவுக்குப் பிரச்சினை வந்துவிடுமோ', 'ஊர்ப் பெரியவர்கள் அனுசரித்துப் போகச் சொன்னார்களே' என்று நம் குடும்பங்களும் விழுங்குகின்றன.

ஆபத்து உடனடியானது என்றால் 911. இல்லையென்றால் உங்கள் நகரப் போலீஸின் அவசரமல்லாத எண். போலீஸ் வந்ததும், நடந்ததைச் சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். சொல்லப்பட்ட வார்த்தைகளை அப்படியே, ஆங்கில வசவானாலும் கூசாமல், சொல்லுங்கள். நோக்கத்துக்கான சான்று அந்த வார்த்தைகளில்தான் இருக்கிறது. 'அவர் கெட்ட வார்த்தை பேசினார்' என்று நாகரிகமாகச் சுருக்கினால், வெறுப்பின் தடயம் அறிக்கையிலிருந்து மறைந்துவிடும். உங்கள் நெற்றிப் பொட்டு, ஹிஜாப், கோயிலுக்குப் போய்வந்த உடை, கையிலிருந்த தமிழ்ப் புத்தகம் என அவர் எதைக் கண்டு தொடங்கினாரோ அதையும் சொல்லுங்கள். முன்பு நடந்தவை இருந்தால் தேதியோடு சொல்லுங்கள். படம் எடுத்த பிறகே சுவரைக் கழுவுங்கள். கதவு மணி கேமராவின் பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடலாம், அன்றே சேமியுங்கள். புறப்படுமுன் அதிகாரியிடம், வெறுப்பு நோக்கம் இருக்கலாம் என்பது அறிக்கையில் ஏறியதா என்று கேட்டு, அறிக்கை எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். வீட்டுப் பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்க வேண்டாம். அந்த வார்த்தைகளைக் குழந்தையின் வாயால் திரும்பச் சொல்ல வைப்பது இன்னொரு காயம்.

எது குற்றமல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 'உன் நாட்டுக்குப் போ' என்று தெருவில் கத்துவது அருவருப்பானது. ஆனால் வெறும் பேச்சுக்குத் தண்டனை கிடையாது. கலிபோர்னியாவின் 422.6-இல், பேச்சு மட்டும் இருக்கும் வழக்கில் அது வன்முறை மிரட்டலாக இருக்க வேண்டும், அதை நிறைவேற்றும் திறன் அவருக்கு இருப்பதாகத் தோன்ற வேண்டும். வெறுப்பு ஒரே காரணமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கணிசமான காரணமாக இருந்தால் போதும். பார்க்கிங் தகராறில் தொடங்கியது என்பதற்காக வெறுப்புக் குற்றம் இல்லாமல் போய்விடாது.

குடியேற்றப் பயம் உள்ளவர்களுக்கு: கலிபோர்னியாவின் 422.93-ஆம் பிரிவின்படி, வெறுப்புக் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரையோ சாட்சியையோ, அவர்மேல் மாநிலச் சட்டப்படி வேறு குற்றச்சாட்டு இல்லாதபோது, குடியேற்ற விதிமீறலை மட்டும் காரணம் காட்டி மாநிலப் போலீஸ் பிடித்துவைக்கவோ மத்தியக் குடியேற்றத் துறையிடம் ஒப்படைக்கவோ கூடாது. போலீஸிடம் போகவே தயக்கம் என்றால் அம்மாநிலம் 2023-இல் தொடங்கிய 'சி.ஏ. வெர்சஸ் ஹேட்' உதவி எண்ணான 833-866-4283-இல் பேசலாம். மொழிபெயர்ப்பு வசதி உண்டு. நாடெங்கும் எஃப்.பி.ஐ.யின் 1-800-225-5324 இருக்கிறது. ஆனால் துப்பாக்கித் தடை வேண்டுமென்றால் உதவி எண் போதாது. குற்றவழக்கும் தண்டனையும் வேண்டும்.

ஐந்தாவது படி: பேரம் நடக்கும் நாளில் அங்கே இருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

அமெரிக்கக் குற்ற வழக்குகளில் மிகப் பெரும்பான்மை விசாரணைக்குப் போவதே இல்லை. அரசுத் தரப்பும் குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞரும் பேசி, ஏதோ ஒரு பிரிவில் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் சம்மதித்து வழக்கை முடிக்கிறார்கள். அந்தப் பேரத்தில் முதலில் கைவிடப்படுவது பெரும்பாலும் வெறுப்புக் குற்றப் பிரிவுதான். அதற்குச் சட்டக் காரணமும் உண்டு. 1994-இல் நியூஜெர்சியின் வைன்லேண்டில் ஒருவர், புதிதாகக் குடிவந்த கறுப்பினக் குடும்பத்தின் வீட்டை நோக்கிச் சுட்டார். துப்பாக்கிக் குற்றங்களை அவர் ஒப்புக்கொண்ட பிறகு, வெறுப்பு நோக்கம் இருந்தது என்று நீதிபதி தாமே முடிவுசெய்து தண்டனையைக் கூட்டினார். 2000-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அப்ரெண்டி வழக்கில் அதை ரத்து செய்தது: தண்டனையின் உச்ச வரம்பை உயர்த்தும் நோக்கத்தை ஜூரிகள் முன்னால், சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும். மனத்தில் இருந்ததை நிரூபிப்பது கடினம். உடைந்த கண்ணாடியை நிரூபிப்பது எளிது. எனவே வேலைப்பளு மிக்க அரசு வழக்கறிஞர் எளிதானதை எடுத்துக்கொள்கிறார்.

அவர் தீய எண்ணத்தோடு செய்வதில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். 422.6 நீங்கி 594 மட்டும் மிஞ்சினால், அபராதமும் நன்னடத்தைக் கண்காணிப்பும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கலாம். பத்தாண்டுத் துப்பாக்கித் தடை மட்டும் காணாமல் போயிருக்கும். பாதிக்கப்பட்ட குடும்பம், 'குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார், தண்டனை கிடைத்துவிட்டது' என்று நிம்மதியாக வீடு திரும்பும். எதிர்வீட்டில் துப்பாக்கி இருக்கும்.

ஆகவே வழக்குப் பதிவானதும் மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் பாதிக்கப்பட்டோருக்கான உதவியாளரைத் தேடுங்கள். கட்டணம் இல்லை. அவரிடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கொடுங்கள்: எந்தப் பிரிவுகளில் குற்றச்சாட்டு? பேரம் பேசப்பட்டால் முடிவுக்கு முன் எங்களுக்குத் தெரிவிப்பீர்களா? பேசப்படும் பிரிவில் தண்டனையானால் துப்பாக்கித் தடை வருமா, எத்தனை ஆண்டு? மூன்றாவது கேள்வியைக் கேட்பவர்கள் அரிது. கேட்டதாலேயே சில வழக்குகளில் பேரத்தின் திசை மாறலாம். வெறுப்புப் பிரிவைக் கைவிட்டாலும் தடைப் பட்டியலில் உள்ள இன்னொரு பிரிவை வைத்துக்கொள்ள வழக்கறிஞரால் முடியும்.

கலிபோர்னியாவில் 2008-இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய மார்சி சட்டம் இதை உரிமையாகவே தருகிறது: அரசுத் தரப்போடு கலந்து பேசவும், குற்ற ஒப்புதல், தண்டனை ஆகிய கட்டங்களில் நீதிமன்றத்தில் உங்கள் கருத்தைச் சொல்லவும் உரிமை. வேறு பல மாநிலங்களிலும் இதையொத்த உரிமைகள் இருக்கின்றன. நீதிபதி முன் பேசும்போது அழுதாலும் பரவாயில்லை. ஆனால் 'இவர் கையில் துப்பாக்கி இருந்தால் எங்களால் இந்த வீட்டில் வாழ முடியாது' என்ற வாக்கியத்தைச் சொல்லாமல் இறங்காதீர்கள். நன்னடத்தைக் கண்காணிப்புக் காலத்தில் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்ற நிபந்தனையை நீதிபதி விதிக்க முடியும். பிரிவு எண் வழியாகக் கிடைக்காத தடை சில சமயம் அந்த வழியில் கிடைக்கும், குறைந்த காலத்துக்கானாலும்.

ஆறாவது படி: ஏற்கனவே வீட்டில் இருக்கும் துப்பாக்கி

தடை என்பது புதிதாக வாங்குவதை மட்டும் நிறுத்தினால் பாதி வேலைதான். கலிபோர்னிய வாக்காளர்கள் 2016-இல் நிறைவேற்றிய 63-ஆம் முன்மொழிவு, தண்டிக்கப்பட்டவர் தம்மிடம் உள்ள துப்பாக்கிகளை ஒப்படைத்ததற்கான படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும் என்றும், நன்னடத்தை அதிகாரி அதைச் சரிபார்த்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும் என்றும் விதித்தது. வாங்கியபோது பதிவானவர்களில் யாரெல்லாம் பிறகு தகுதி இழந்தார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்கும் தனித் தரவுத்தளமும் அந்த மாநிலத்தில் உண்டு. பல மாநிலங்களில் இவ்வளவு ஏற்பாடு இல்லை. தடை காகிதத்தில் இருக்க, துப்பாக்கி அலமாரியில் இருக்கும். உங்களுக்கு அவருடைய துப்பாக்கி பற்றி நேரடியாக ஏதாவது தெரிந்தால், எப்போது எங்கே பார்த்தீர்கள் என்பதை உதவியாளர் வழியாகத் தெரிவியுங்கள். நீங்களே போய்க் கேட்கவோ வேவு பார்க்கவோ வேண்டாம்.

ஏழாவது படி: கடையில் நடக்கும் சரிபார்ப்பு

உரிமம் பெற்ற கடையில் வாங்குபவர் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். கடைக்காரர் 1998 முதல் இயங்கும் தேசியப் பின்னணிச் சரிபார்ப்பு அமைப்பைத் தொடர்புகொள்வார். பெரும்பாலும் நிமிடங்களில் பதில் வரும். பதில் வராமல் மூன்று வேலை நாட்கள் கழிந்துவிட்டால், மத்தியச் சட்டப்படி கடைக்காரர் விற்கலாம். சார்ல்ஸ்டனில் ஒன்பது பேரைக் கொன்றவன் இப்படித்தான் வாங்கினான். அவனுடைய போதைப்பொருள் வழக்குப் பதிவு உரிய நேரத்தில் ஆய்வாளரின் கைக்கு வரவில்லை. மூன்று நாள் கடந்தது. விற்பனை நடந்திருக்கவே கூடாது என்று அன்றைய எஃப்.பி.ஐ. இயக்குநர் ஜேம்ஸ் கோமி 2015 ஜூலையில் ஒப்புக்கொண்டார். கலிபோர்னியாவில் பத்து நாள் காத்திருப்பு உண்டு.

நீதிமன்றப் பதிவு சரியாகப் போய்ச் சேராவிட்டால் தடை இருந்தும் பயனில்லை என்பதையே இது காட்டுகிறது. தண்டனை முடிந்ததும் தீர்ப்பின் நகலை வாங்கிப் பிரிவு எண்ணைச் சரிபாருங்கள். பேசி முடித்தது ஒன்று, பதிவானது வேறொன்று என்று இருந்தால் உடனே உதவியாளரிடம் சொல்லுங்கள்.

உரிமம் இல்லாத தனி மனிதர்களுக்கிடையிலான விற்பனைக்கு மத்தியச் சட்டம் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கவில்லை. கலிபோர்னியா, நியூஜெர்சி, நியூயார்க், வாஷிங்டன் போன்ற மாநிலங்கள் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஆனால் தடை உள்ளவர் என்று தெரிந்தே விற்பதும், அவருக்காக இன்னொருவர் தம் பெயரில் வாங்கித் தருவதும் நாடு முழுவதும் குற்றம்.

எட்டாவது படி: தண்டனை வராதபோது

வழக்கு நிற்கவில்லை, அல்லது இன்னும் முடியவில்லை. பயம் மட்டும் உண்மை. அப்போதும் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, உரிமையியல் நீதிமன்றத்தில் துன்புறுத்தலுக்கு எதிரான தடை உத்தரவு. கலிபோர்னியாவில் அண்டை வீட்டாருக்கு எதிராகவும் இதைக் கேட்கலாம். உத்தரவு இருக்கும் வரை அவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. அதிகபட்சம் ஐந்தாண்டு, நீட்டிக்கவும் முடியும். வன்முறையோ வன்முறை மிரட்டலோ இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. மற்றொன்று, 'ரெட் ஃபிளாக்' சட்டம் என்று மக்கள் சொல்லும் துப்பாக்கி வன்முறைத் தடுப்பு உத்தரவு. கனெக்டிகட் 1999-இல் தொடங்கிவைத்தது. இன்று இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. கலிபோர்னியாவில் குடும்பத்தினர், அறைத் தோழர், முதலாளி, சக ஊழியர், ஆசிரியர், போலீஸ் ஆகியோர் கேட்கலாம். அண்டை வீட்டார் நேரடியாகக் கேட்க முடியாது. போலீஸிடம் சொல்லி அவர்களைக் கேட்க வைக்க வேண்டும். இதற்குத் தண்டனை தேவையில்லை, ஆபத்துக்கான சான்று போதும்.

இவையெல்லாம், துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையைக் காக்கும் அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தத்துக்கு முன் நிற்குமா என்று கேட்பவர்கள் உண்டு. 2022-இல் உச்ச நீதிமன்றத்தின் புரூயன் தீர்ப்பு, துப்பாக்கிச் சட்டங்களை நாட்டின் வரலாற்று மரபோடு ஒப்பிட்டு அளக்கச் சொன்னது; அதன்பின் வழக்குகள் குவிந்தன. 2024 ஜூனில் ரஹீமி வழக்கில் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் உச்ச நீதிமன்றம், பிறர் உடலுக்கு அபாயம் என்று ஒரு நீதிமன்றம் கண்டறிந்தவரிடமிருந்து தற்காலிகமாகத் துப்பாக்கியை விலக்கிவைக்கலாம் என்று உறுதிசெய்தது. அது குடும்ப வன்முறைத் தடை உத்தரவு பற்றிய வழக்கு. ஆனாலும் மிரட்டியவரிடமிருந்து ஆயுதத்தை எடுக்கலாம் என்ற அதன் அடிப்படை, மேலே சொன்ன உத்தரவுகளுக்கு வலுச் சேர்க்கிறது.

கடைசியாக: 'நாமே ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாமா?'

ஒரு தாக்குதல் செய்தி வந்ததும் நம் வாட்ஸ்அப் குழுக்களில் இந்தக் கேள்வி எழுகிறது. எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவரா நீங்கள்? அப்படியென்றால் மேலே சொன்ன அதே 922 'ஜி' பட்டியலில் நீங்களும் இருக்கிறீர்கள். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே குற்றம். நண்பரோடு சுடும் பயிற்சிக் கூடத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் இதில் அடங்கும். மாணவர் விசாவில் வந்து, தகுதி இழந்த பிறகும் தங்கியிருந்த ஓர் இளைஞர், ஃபுளோரிடாவில் பயிற்சிக் கூடத்தில் சுட்டதற்காகவே வழக்கைச் சந்தித்தார். 2019-இல் உச்ச நீதிமன்றம் வரை போன ரெஹைஃப் வழக்கு அதுதான். தம் தகுதிநிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை அரசு நிரூபிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னதே தவிர, தடையைத் தளர்த்தவில்லை.

கிரீன் கார்டு உள்ளவர் மத்தியச் சட்டப்படி வாங்கலாம். ஆனால் துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்தப்படுவதற்கு அதுவே காரணமாகலாம். கணவரிடம் கிரீன் கார்டு, மனைவியிடம் இன்னும் விசா என்ற வீடுகள் நம்மிடையே நிறைய. அங்கு துப்பாக்கியும் தோட்டாவும் பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும். சாவியும் எண்ணும் விசாவில் இருப்பவர் கைக்கு எட்டக் கூடாது. எட்டினால், தொடாவிட்டாலும் வைத்திருந்ததாகக் கருத இடமுண்டு. வாங்குவதற்கு முன்பே குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் இருவருடைய ஆவணங்களையும் காட்டிக் கேட்டுவிடுங்கள்.